மொக்கராசு போட்டாவ விட்டு எறங்கிப் போன சங்கதி

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, புரோட்டா கடைக்கும் பல்லு டாக்டரு கிளினிக்குக்கும் நடுவுல, ரெண்டு தடியனுக்கு நடுவுல சீட்டு கெடச்ச ஆளு மாதிரி நசுங்கிக்கிட்டு இருக்கும் மாயன் டிஜிட்டல் ஸ்டுடியோ. அதுக்கு ஓனரு, கேமராமேனு, எடிட்டரு, கூட்டிப் பெருக்குறவரு எல்லாமே தங்கமாயன் ஒருத்தர்தான். அந்தத் தங்கமாயன் ஒரு மத்தியானம் சோத்துக்குக்கூடப் போகாம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, பழைய காதுகுத்துப் போட்டா ஒண்ணுல மூஞ்சிய மறைச்ச கலர் புள்ளிய எடுக்கப் போயி, புள்ளி போறதுக்கு முன்னாடி போட்டாவுல இருந்த ஆளு கெளம்பிப் போயிட்டாரு. இந்த ஊருல யாரக் கேட்டாலும் சொல்வாங்க, ஆளுக்கு ஒரு தினுசா சொல்வாங்க, ஆனா ஒருத்தராவது "அதெப்படிய்யா போவாரு"ன்னு கேட்டாங்களான்னா, இல்ல. "எங்க போனாரு"ன்னுதான் கேட்டாங்க.

போட்டாவக் கொண்டான்னு கேட்டது பவுன்தாயி. ரவிக்கை தைக்கிற பொம்பள. வாயில குண்டூசியக் கடிச்சுக்கிட்டே பேசிப் பேசி, ஊசி இல்லாதப்பவும் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் பேசும்.

"தம்பி, எங்கண்ணே மூஞ்சி வேணும்டா."

"எந்த அண்ணேக்கா?"

"எனக்கென்ன அண்ணே கடையில வரிசையா தொங்குறானா? ஒரே அண்ணே. மொக்கராசு. செத்துப்போனவரு."

விசயம் என்னன்னா, பவுன்தாயி மக சுகப்பிரியாவுக்குக் கல்யாணம். அந்தப் பக்கம் கல்யாணம்னா மாப்பிள்ளை வராட்டிக்கூட சமாளிச்சிருவாங்க, தாய்மாமன் சீர் வராட்டி பந்தல் நிக்காது. மேளம் அடிச்சு, வெடி போட்டு, தட்டு தட்டா பழமும் பட்டும் ஏந்தி, முன்னாடி தாய்மாமன் நடந்து வரணும். மாமன் செத்துட்டா அவரு போட்டாவ ஆள் ஒசரத்துக்கு பிளக்ஸ் அடிச்சு, அத முன்னாடி தூக்கிட்டு வரணும். மொக்கராசுக்குப் பொண்டாட்டி புள்ள கெடையாது. பங்காளிக சீர் கொண்டாறதா சொல்லிட்டாங்க. பிளக்ஸுக்குத்தான் மூஞ்சி இல்ல. ஓட்டர் ஐடி ஒண்ணு இருக்கு, அதுல இருக்குற ஆளப் பார்த்தா மொக்கராசே "யாருப்பா இவன்"னு கேட்டிருப்பாரு. கேமராவக் கண்டா மூஞ்சியத் திருப்புற மனுசன். மாட்டுனது ஒரே ஒரு எடத்துல, சுகப்பிரியாவோட காதுகுத்துல.

"அண்ணே மூஞ்சி இல்லாம சீர் ஏ வாசல ஏறக்கூடாது. அந்தக் காதுகுத்துல கோவிச்சுக்கிட்டுப் போன மனுசன், சாகுற வரைக்கும் ஏ வாசல் மிதிக்கல. இப்பவாவது மிதிக்கட்டும்"னு சொன்ன பவுன்தாயிக்குக் கடிச்ச பல்லு விட்டுப்போச்சு, அழுதுருச்சு.

எதுக்குக் கோவிச்சாருன்னு கேட்டா மட்டும் ஆளுக்கொரு கதை. பத்திரிகையில பேரு கீழ போட்டுட்டாங்கன்னு சிலரு. கறியில எலும்பா வச்சுட்டாங்கன்னு சிலரு. அவரு கோவத்துக்குக் காரணம் வேற வேணுமாக்கும், வண்டி ஜன்னல் தெறக்கலைன்னு பாதி வழியில பஸ்ஸ நிறுத்தி எறங்கி வீட்டுக்கு நடந்த ஆளுப்பான்னு மிச்சம் பேரு.

தங்கமாயன் பழைய ஹார்டு டிஸ்க்க எடுத்து ஊதித் தொடச்சு மாட்டுனாரு. போட்டா இருந்துச்சு. நடுவுல நாற்காலி. அதுல சுகப்பிரியாவோட பெரியப்பா உக்கிரபாண்டி, மீசைய முறுக்கி உக்காந்திருக்காரு. மடியில மொட்டை அடிச்ச சின்னப்புள்ள சுகப்பிரியா, காதுல புதுத் தோடு, அழுதழுது மூக்கு செவந்து போயி. சுத்தியும் சொந்தக்காரக் கூட்டம். கடைசில, தூணுக்குப் பக்கத்துல, இருட்டுல, தோள்ல துண்டோட மொக்கராசு. அன்னைக்குக் கரெண்டு வேற இல்ல, இருட்டுலயும் படம் விழணும்னு தங்கமாயன் கேமராவுல ஐஎஸ்ஓவ ஏத்து ஏத்துன்னு ஏத்தியிருந்தாரு. அதனால மொக்கராசு மூஞ்சி முழுக்க செவப்பும் பச்சையும் நீலமுமா புள்ளி. இட்லிப்பொடில புரட்டி எடுத்த மாதிரி இருந்தாரு.

"இதுக்குத்தானக்கா நாய்ஸ், அதான் இந்தப் புள்ளி, அத எடுக்குற சாப்ட்வேர் வாங்கி வச்சிருக்கேன், ஒரே அமுக்கு, பளிங்கு மாதிரி வந்துரும்"னு தங்கமாயன் பெருமையாச் சொல்லி அமுக்குனாரு. பட்டன் அமுங்கல. சாம்பக் கலர்ல செத்துக் கெடந்துச்சு. கம்ப்யூட்டர ஆப் பண்ணி ஆன் பண்ணுனாரு. செத்தே கெடந்துச்சு. யூடியூப்ல ஒருத்தன் "வணக்கம் மக்களே, இன்னைக்கு நாம என்ன பாக்கப் போறோம்னா"ன்னு ஆரம்பிச்சு, பாக்கவே இல்ல, அவன் சேனலப் பத்தியே பேசிட்டு போயிட்டான். கடைசில கோயமுத்தூர்ல ஆல்பம் பிரிண்டு போடுற நாச்சிமுத்துக்குப் போனப் போட்டாரு.

"அண்ணா, அது சின்ன ராங்ண்ணா"ன்னான் நாச்சிமுத்து, வெல்லத்துல நனைச்ச மாதிரி. "ரா பைலுங்கறது கழுவாத பிலிமாட்டங்ண்ணா. நீங்க அந்தக் காலத்துல கார்டுல எடம் பத்தாதுன்னு சின்ன சைசுல வெச்சு எடுத்திருக்கறீங்க. இந்தப் புது பட்டன் முழு சைசு ராவத்தானுங் தொடும். சின்னத தொடவே தொடாதுங். கீழ பழைய ஸ்லைடர் ஒண்ணு கெடக்குமுங், அத மெல்லமா கையில தள்ளுங், மெல்லமாங்ண்ணா."

தங்கமாயன் மெல்லமாத்தான் தள்ளுனாரு. ஸ்லைடர் இருவதுல சேலைங்க மேல இருந்த புள்ளி அடங்குச்சு. முப்பதுல மொக்கராசு துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. நாப்பதுல முதுகத் திருப்புனாரு. அம்பது வந்துச்சு, தூணு மட்டும் சுத்தமா, பளபளன்னு, யாரோ புதுசா பெயிண்டு அடிச்ச மாதிரி நின்னுச்சு.

தங்கமாயன் ஸ்லைடரப் பின்னாடி இழுத்தாரு. புள்ளி எல்லாம் வந்துச்சு, ஆளு வரல. கண்ட்ரோல் இசட் அடிச்சாரு. அன்னைக்குப் பண்ணுன எல்லா வேலையும் திரும்பி வந்துச்சு, காலையில அழிச்ச பாஸ்போர்ட் போட்டாகூட வந்துச்சு, மொக்கராசு வரல. சேவ் பண்ணாம மூடித் தெறந்தாரு. காப்பி போட்டு வச்சிருந்த இன்னொரு டிஸ்க்க மாட்டுனாரு. அதுலயும் தூணுதான். சிடில தேடுனாரு, சிடில எல்லாரும் இருந்தாங்க, மொட்டைப்புள்ள அழுதுக்கிட்டு இருந்துச்சு, மொக்கராசு நின்ன எடத்துல இருட்டு மட்டும் நின்னுச்சு.

நாச்சிமுத்து போன்ல கேட்டான், "பைல் சைசு கொறஞ்சிருக்குதுங்களாண்ணா?"

"அப்படியே இருக்குப்பா."

"அப்பப் பைல்ல ஒண்ணும் பிரச்சனை இல்லீங்ண்ணா. ஆளுதானுங் பிரச்சனை."

பவுன்தாயி கேட்டதும் தலையில அடிச்சுக்கிச்சே தவிர ஆச்சரியப்படல. "கோவிச்சுக்கிட்டாரு. மறுபடியும் கோவிச்சுக்கிட்டாரு. நீ என்னடா சொன்ன அவர?"

"நான் என்னக்கா சொல்ல, புள்ளியத்தான் எடுத்தேன்!"

"அவரு மூஞ்சில இருக்குறத அவரக் கேக்காம எடுத்தா?"

அப்பயிருந்து கல்யாணம் முடியிற வரைக்கும் தங்கமாயனுக்கு எதுவுமே புரியல.

சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சு போச்சு. டீக்கடையில "போட்டாவுல இருந்து எறங்கிட்டாராமே"ன்னு ஒருத்தன் சொன்னான், "பஸ்ஸுல இருந்து எறங்குனவருக்கு போட்டா என்னா பெருசு"ன்னு இன்னொருத்தன் டீய ஆத்துனான். அதோட சரி. மறுநாள் காலையில ஸ்டுடியோ வாசல்ல ஜனம். கல்யாண ஆல்பத்தத் தூக்கிட்டு வந்து, "எங்க சின்ன மாமியா நிக்கிதா பாருங்க, அது சட்டுன்னு மொறைக்கிற ஆளு"ன்னு ஒரு பொம்பள. "எங்க கொழுந்தியா ஓரமா நிக்கிறா பாருங்க, அந்த ஸ்லைடரக் கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே, போகட்டும்"னு இன்னொரு பொம்பள, காதுக்குள்ள வந்து. ஏத்திப் பார்த்தாரு. கொழுந்தியா அசையல, இன்னும் பளிச்சுன்னுதான் ஆனா. வந்தவ மொகம் போன போக்கப் பாக்கணும்.

அப்பத்தான் தபால் ஆபீஸ்ல வேலை பாக்குற ஒருத்தரு, தன் வீட்டுப் பால் காய்ச்சுன போட்டாவப் பெருசாக்கக் கேட்டு, அதத் தங்கமாயன் தெறந்தா, அடுப்புக்குப் பின்னாடி நாற்காலி போட்டு மொக்கராசு உக்காந்திருக்காரு. புள்ளியும் பொரியுமா, அப்படியே.

"இவர நாங்க கூப்பிடவே இல்லையே"ன்னாரு தபால்காரரு. அப்புறம் யோசிச்சு, "சரி, வந்தவரு சாப்பிட்டாராமா?"ன்னாரு.

பவுன்தாயிக்கு ஆளு போச்சு. கோவிச்சுக்கிட்டுப் போன தாய்மாமன எப்படி அழைக்கணுமோ அப்படி அழைக்கணும்னு முடிவாச்சு. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், தேங்கா, சூடம், வேட்டி துண்டு. பவுன்தாயி புருசன் இருளப்பன் முன்னாடி நிக்கணும், ஆனா அந்த மனுசன் எந்தப் பிரச்சனைன்னாலும் "ஒரு டீ குடிச்சுட்டு வந்துர்றேன்"னு போற ஆளு, போயிட்டாரு. பவுன்தாயியே தட்டத் தூக்கி மானிட்டருக்கு முன்னாடி நீட்டுச்சு.

"அண்ணே, பத்திரிகையில பேரு கீழ போட்டது தப்புதேன். எலும்பு வச்சதும் தப்புதேன். வாண்ணே."

"சூடம் வேணாம்க்கா, யூபிஎஸ் இருக்கு, யூபிஎஸ் இருக்கு"ன்னு தங்கமாயன் பதறிக்கிட்டு இருந்தாரு. எல்லாரும் மொக்கராசு மூஞ்சியப் பார்த்தாங்க. புள்ளியில ஒண்ணும் தெரியல. கொஞ்சம் தெளிவாக் காட்டுப்பான்னு சொன்னாங்க. ஸ்லைடரத் தொட்டாரு, அவ்வளவுதான், துண்ட ஒதறினாரு, போயிட்டாரு. நாற்காலி மட்டும் கிண்ணுன்னு சுத்தமா இருந்துச்சு.

அப்பறம் பொழுதுக்கும் இதே பொழப்பு. பழைய டிஸ்க்குல இருந்த சின்ன ரா எல்லாத்தையும் தங்கமாயன் தெறக்குறதும், ஊரே பின்னாடி நின்னு தேடுறதும். கெடாவெட்டுல இருந்தாரு. யாரோ ஒரு டீச்சரம்மா ரிட்டையர்டு பங்சன்ல மேடையிலயே இருந்தாரு. சடங்கு வீட்டுல இருந்தாரு. தட்டத் தூக்கிக்கிட்டு பின்னாடியே போனாங்க. புரோட்டா கடைக்காரரு எட்டிப் பார்த்து, "இப்ப எங்க இருக்காரு?"ன்னு கேப்பாரு. "சடங்கு வீட்டுல இருந்து கெளம்பிட்டாரு"ன்னு யாராவது சொல்லுவாங்க. "நேத்து எங்க மச்சினன் கல்யாணத்துல பார்த்தேன், கொஞ்சம் எளைச்சிருக்காரு"ன்னு பல்லு டாக்டரு கம்பவுண்டரு வந்து சொல்லுவான். எல்லாரும் சேதி சொன்னாங்க, வழி ஒருத்தரும் சொல்லல. தங்கமாயனுக்கு இது சாப்ட்வேர் கோளாறா, சொந்தக்காரங்க கோளாறான்னு பிடிபடல. நாச்சிமுத்து பழைய வெர்சன் ஏத்துங்கன்னான், ஏத்துனாரு. வேற சாப்ட்வேர் போடுங்கன்னான், போட்டாரு. எதுல போட்டாலும் அந்த மனுசன் அம்பதுக்குப் பக்கத்துல எந்திரிச்சாரு.

கண்டுபிடிச்சது கல்யாணப் பொண்ணுதான். சுகப்பிரியா நகம் கடிச்சுக்கிட்டே பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

"மாயண்ணே, இப்ப மாமா இருக்குற போட்டாவுல ஸ்லைடரத் தொடாதீங்க. மூஞ்சியப் பாக்காதீங்க. மாமா கையப் பாருங்க."

பார்த்தாங்க. இதுலயும், இதுக்கு முன்னாடி போன எல்லாப் போட்டாவுலயும் மொக்கராசு நாற்காலியில உக்காந்திருந்தாரு. வேட்டிய நல்லா இழுத்து விட்டு, ரெண்டு முட்டியையும் சேத்து, ரெண்டு கையையும் முன்னாடி விரிச்சு வச்சுக்கிட்டு. எல்லா எடத்துலயும் மடி காலியா இருந்துச்சு.

காது குத்துறப்ப புள்ளைய மடியில வைக்கிறது தாய்மாமன். தாய்மாமன் மட்டுந்தான். அந்த ஊருல பொறந்த கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். அன்னைக்கு மட்டும் அப்படி நடக்கல, ஏன்னா மொக்கராசு ஆடும் பட்டுப்பாவாடையும் ஏத்திட்டு வந்த டெம்போ செல்லம்பட்டிகிட்ட பஞ்சராகிப் போச்சு. காது குத்த வந்த ஆசாரி நேரம் போகுதுங்குறாரு. அப்ப பெரியப்பா உக்கிரபாண்டிதான் சொன்னாரு, "மாமனே போன் பண்ணிட்டாருப்பா, என்னைய எதிர்பாக்காதீங்க, குத்துங்கன்னுட்டாரு." சொல்லிட்டுத் தன் மடியில புள்ளையத் தூக்கி வச்சாரு. மாமனே சொன்னப்புறம் என்ன இருக்குன்னு ஊரு அதோட விட்டுருச்சு. டெம்போ வந்து சேர்றப்ப தோடு மாட்டி, போட்டாவுக்கு நிக்க ஆரம்பிச்சாச்சு.

உக்கிரபாண்டிய கூட்டியாந்தாங்க. ரிட்டையர்டு பஸ் கண்டக்டரு. இன்னமும் வீட்டுக்குள்ள நுழையிறப்பகூட "உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காத"ன்னுதான் நுழைவாரு. அன்னைக்கு அவரே நடுவுல நின்னுட்டாரு. பவுன்தாயி அவரு முன்னாடி நின்னு ஏறிட்டுப் பேசுனதே கெடையாது. அன்னைக்கு ஏறிட்டுச்சு.

"மச்சான். எங்கண்ணே அன்னைக்குப் போன் பண்ணுனாரா?"

உக்கிரபாண்டி மானிட்டர்ல தெறந்து வச்சிருந்த காதுகுத்துப் போட்டாவப் பார்த்தாரு. அதுல இருந்த உக்கிரபாண்டியும், மீசை கருத்த உக்கிரபாண்டியும், மடியில புள்ளையோட இவரப் பார்த்தாரு.

"எனக்குப் புள்ளை இல்ல, பவுனு"ன்னாரு. "ஒரு தடவை வச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. போன் வரல."

பவுன்தாயி கையில இருந்த தாம்பாளத்த டங்குன்னு கீழ வச்சுச்சு. தேங்கா உருண்டு போயி கேமரா ஸ்டாண்டுல முட்டி நின்னுச்சு. யாரும் எடுக்கல. பேசவேண்டியத எல்லாம் பேசிருவாளோன்னு எல்லாரும் பயந்துக்கிட்டு நின்னாங்க. பவுன்தாயி பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரே வார்த்தைதான் சொல்லுச்சு.

"எந்திரிக்கச் சொல்லுங்க."

உக்கிரபாண்டி மூக்கத் தொடச்சுக்கிட்டு மானிட்டர்கிட்டக் குனிஞ்சாரு. தங்கமாயன் தன்னால நாற்காலிய விட்டு நகந்துக்கிட்டாரு.

"டேய் உக்கிரபாண்டி. எந்திரிடா. சீட்டுக்காரரு வந்துட்டாரு. நீ ஏறுன எடத்துல இருந்து இம்புட்டு தூரம் உக்காந்தே வந்துட்டடா. போதும், எந்திரி."

மீசை கருத்த உக்கிரபாண்டி சட்டுன்னு எந்திரிக்கல. மடியில இருந்த மொட்டைத் தலைய ஒருதடவை தடவுனாரு. அப்பறம் புள்ளையப் பக்குவமா நாற்காலியில எறக்கி வச்சுட்டு, கூட்டத்த வெலக்கிக்கிட்டு, பின்னாடி தூணுகிட்டப் போயி இருட்டுல நின்னாரு. போட்டாவுல இருந்த செவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி, நீலப் புள்ளி எல்லாம், ஈ மொய்க்கிற மாதிரி அவரோடவே போயி அவரு மேல உக்காந்துருச்சு. தங்கமாயன் ஸ்லைடரத் தொடவே இல்ல. கைய ரெண்டையும் தூக்கிக்கிட்டு, "நான் தொடல, நான் தொடல"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

செத்த நேரத்துல எடது பக்கத்துல இருந்து மொக்கராசு வந்தாரு. எங்கெங்கயோ போன களைப்பு, வேட்டியில சடங்கு வீட்டுச் சந்தனம். புள்ளையத் தூக்குனாரு, உக்காந்தாரு, மடியில வச்சாரு. ஒரு புள்ளி இல்ல. மூஞ்சில வெட்டுப்பட்ட தழும்பு, காதுல முளைச்ச முடி, எல்லாம் எண்ணிறலாம் போல அம்புட்டுத் தெளிவு. ஆனா மூஞ்சிய மட்டும் ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டாரு. உடனே சிரிச்சுட்டா தாய்மாமனுக்கு என்ன மரியாத?

"எங்கண்ணே"ன்னு பவுன்தாயி தரையில உக்காந்துருச்சு.

அந்நேரம் டிங்குன்னு ஒரு சத்தம். சுகப்பிரியா காதுல இருந்து தோடு கழண்டு விழுந்துச்சு. இன்னொண்ணும் விழுந்துச்சு. கல்யாணப் பொண்ணு காதத் தடவிப் பார்க்குது, ஓட்டை இல்ல. ரெண்டு காதும் பொறந்தப்ப இருந்த மாதிரி கொழுகொழுன்னு மூடிக்கிச்சு. மானிட்டர்ல பார்த்தா மடியில இருக்குற மொட்டைப்புள்ள காதுலயும் தோடு இல்ல. மாமன் வந்துட்டாருல்ல, இனிமேத்தான் குத்தணும்.

ஒருத்தரும் மலைக்கல. "ஆசாரிக்குச் சொல்லி விடுங்கப்பா"ன்னு புரோட்டா கடைக்காரரு மட்டும் சொன்னாரு.

கல்யாணத்தன்னைக்கு சீர் வந்துச்சு. மேளம், வெடி, தட்டுங்க, எல்லாத்துக்கும் முன்னாடி மூஞ்சியத் திருப்பிக்கிட்டே மொக்கராசு பிளக்ஸுல வந்தாரு. பிளக்ஸ் ஒரு முனையப் பிடிச்சது உக்கிரபாண்டி. வேர்த்து ஒழுகுது, யாரு கேட்டும் கைய மாத்தல. பவுன்தாயி வாசல்ல தண்ணிச் செம்போட நின்னு, காலு இருக்குற எடத்துல தண்ணி ஊத்துச்சு. மண்டபத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, "பொண்ணுக்கு இன்னும் காதே குத்தலையா"ன்னு தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. "எங்க ஊருல இப்பத்தான் குத்துவோம்"னு இருளப்பன் சொல்லிட்டு, அதுக்கு மேல கேள்வி வர்றதுக்குள்ள டீ குடிக்கப் போயிட்டாரு.

பிளக்ஸ கட்டையில இருந்து உருவி, முட்டிகிட்ட மடக்கி, மடி சரியா நாற்காலி மேல வர்ற மாதிரி விரிச்சாங்க. பட்டுச்சேலையும் மாலையுமா கல்யாணப் பொண்ணு போயி மாமன் மடியில உக்காந்துச்சு. பிளக்ஸ் கசங்கிருமோன்னு பாதி எடைய காலுல தாங்கிக்கிட்டே உக்காந்துச்சு. ஆசாரி ஊசிய எடுத்தாரு. தங்கமாயன் கேமராவத் தூக்குனாரு, ஐஎஸ்ஓ எவ்வளவு வைக்கிறதுன்னு தெரியாம முழிச்சாரு. ஊசி எறங்குச்சு.

"மாமா!"ன்னு கத்திருச்சு சுகப்பிரியா, அம்புட்டுப் பெரிய பொம்பளப்புள்ள.

அம்புட்டு நேரமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருந்த மொக்கராசு வெடுக்குன்னு திரும்பி, ரத்தம் வருதான்னு அவ காதப் பார்த்தாரு.